மூன்று பூச்சு வெள்ளை

பக்கத்து வீட்டு மதிலில் இன்று காலை ஒரு சோடி வெள்ளைச் சப்பாத்து காய்ந்துகொண்டிருந்தது. நாளைக்குப் பள்ளிக்கூடம் தொடங்குகிறதாம். சுண்ணாம்பும் ஈரத்துணியும் கலந்த மாதிரி ஒரு வாசனை, அந்தப் பூச்சின் வாசனை, எங்கள் வாசல் வரைக்கும் வந்தது. உடுப்புக் காயப்போட வந்தவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். உங்களுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று, நீங்கள் இருந்தபோதும் போய்ச் சேர்ந்த பிறகும், வருஷக்கணக்காகத் தள்ளிப்போட்டு வந்தேன். இனியும் தள்ளிப்போட எனக்கு வயதில்லை. உடுப்பு வாளியிலேயே கிடக்கிறது, கிடக்கட்டும்.

நீங்கள் மரதன் ஓடப் போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து தொடங்குகிறேன். அதற்கு முன் இரண்டு மாதம் நிமோனியாவில் பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்து, எலும்பும் தோலுமாகத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டுக்குத் திரும்பியிருந்தீர்கள். பாரமான வேலை கூடாது என்று தோட்டத்து டிஸ்பென்சர் எழுதிக்கொடுத்துவிட்டார். பதினாறு வயதிலிருந்து கொழுந்து அரைக்கிற ரோலரோடு மல்லுக்கட்டிய மனிதரை, தேயிலைப் பெட்டிகளுக்கு இலக்கம் அடிக்க உட்கார வைத்தார்கள். வேலை முடிந்து வந்தால் பேச்சே இருக்காது. சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பீர்கள். ஒரு நாள் பொறுக்க முடியாமல், தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கரிடம் போய் ரோலரைத் திரும்பக் கேட்டிருக்கிறீர்கள். அவர் நாலு பேர் முன்னிலையில், சித்திரைப் புத்தாண்டுக்கு மரதன் வைக்கிறார்கள், அதை ஓடி முடித்துவிட்டு வா, ரோலர் தருகிறேன் என்று சொல்லிச் சிரித்தாராம். அவர் சொன்னது விளையாட்டுக்கு. நீங்கள் அதை ஒப்பந்தமாக எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தீர்கள்.

பண்டாரவளையிலிருந்து பதுளை வரைக்கும் பதினெட்டு மைல். நிஜமான மரதன் அதைவிடத் தூரம் என்று பிற்பாடு நம் மகள் படித்துச் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நம் பக்கத்தில் ஊர் விட்டு ஊர் ஓடினால் அது மரதன். கட்டிலில் நீங்கள் மூச்சுக்கு அல்லாடியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். போகாதீங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பெட்டிக்கு இலக்கம் அடித்துவிட்டு வந்த உங்கள் முகத்தையும் பார்த்திருந்தேனே, அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

முதல் நாள் நீங்கள் ஓடிய கூத்து ஞாபகம் இருக்கிறதா? வேலைக்குப் பெயர் கொடுக்கக் காலைப் பெரட்டுக்கு ஆட்கள் கூடுவதற்கு முன்னால், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தோட்டத்து ரோட்டில் இறங்கினீர்கள். நம் தோட்டத்தில் ஒரு ஆள் ஓடுகிறான் என்றால் ஒன்று டிஸ்பென்சரைக் கூப்பிட ஓடுவான், இல்லாவிட்டால் இழவு சொல்ல ஓடுவான். ஒவ்வொரு லயத்திலிருந்தும் ஆட்கள் வெளியே வந்துவிட்டார்கள். நாலு பேர் யார் செத்தது என்று கேட்டுக்கொண்டு உங்கள் பின்னாலேயே ஓடி வந்தார்கள். தோட்டத்தின் கீழ்ப் பிரிவான கீழ்க் கணக்கிலிருந்து ஒரு கிழவர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நம் வீட்டுக்கே வந்து உட்கார்ந்துவிட்டார். அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, எல்லாரும் உயிரோடதான் இருக்காங்க என்று சொல்லி அனுப்புவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அடுத்த வாரம் ஒரு பட்டியல் கொண்டுவந்தீர்கள். தபால்கந்தோரில் வேலை செய்த ஒரு ஓட்டக்காரர் சொல்லச் சொல்ல எழுதியதாம். கன்வஸ் சப்பாத்து, சொக்ஸ் இரண்டு சோடி, கட்டைக் கழிசான், கையில்லாத புதுப் பெனியன், கைக்கடிகாரம், தண்ணீர்ப் போத்தல், நெற்றிப் பட்டி, தைலம். கடைகளில் ஒரு முழத் துணிக்கு வரிசையில் நின்ற காலம் அது. நான் பட்டியலை வாங்கி அடுப்படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்தேன். கடிகாரம் எதற்கு? நீங்கள் வந்து சேருகிற நேரம்தான் நேரம். போத்தலைக் கையில் தூக்கினால் ஒரு தோள் இறங்கிவிடும், ரோட்டோரத்து வீடுகளில் தண்ணீர் கொடுக்க மாட்டார்களா? நெற்றிப் பட்டியைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. உங்களுக்குக் கோபம். மரதனைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று கேட்டீர்கள்.

மரதனைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாதுதான். ஆனால் முதுகில் கொழுந்துக் கூடையோடு, மழையில், சரிவில், விடிந்ததிலிருந்து பொழுது அடையும் வரைக்கும் நடக்கிற பெண்ணுக்கு உடம்பில் எது உரசும், எது உரசாது என்று தெரியும். புதுத்துணி நனைந்தால் தோலைத் தின்னும். அதனால் புதுப் பெனியன் வேண்டாம், துவைத்துத் துவைத்து நைந்த பழையதே போதும் என்றேன். கழிசானைப் பிரித்துத் தையல் வெளிப்பக்கம் வருகிற மாதிரித் தைத்துக் கொடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டு நீங்கள் ஓடியபோது மலையில் கொழுந்து பறித்துக்கொண்டு நின்ற பெண்கள், உள்பக்கத்தை வெளியே போட்டுக்கொண்டு போகிறார் பார் என்று கத்தினார்கள். அட்டைக் கடிக்காகக் காலில் சவுக்காரம் தேய்த்துக்கொண்டுதான் நாங்கள் மலைக்குப் போவோம். அதையே சொக்ஸுக்கு உள்ளே தேய்க்கச் சொன்னேன். கொப்புளம் வரவில்லை. அன்றிலிருந்து தபால்கந்தோர் ஓட்டக்காரர் சொல்வதையும் என்னிடம் ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் செய்தீர்கள். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது உண்மை.

சப்பாத்தை மட்டும் நான் அடிக்கவில்லை. தார் ரோட்டில் பதினெட்டு மைல் வெறுங்கால் தாங்காது என்று எனக்கும் பட்டது. பதுளைக் கடைவீதியில் ஏறி இறங்காத கடையில்லை. கடைசியில் ஒரு முஸ்லிம் கடைக்கார நானா ஸ்டூலில் ஏறி மேல் தட்டிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து ஊதித் தூசி தட்டினார். உங்கள் அளவுக்கு ஒரு நம்பர் பெரியது. நீங்கள் வேண்டாம் என்று தலையாட்டினீர்கள். அவர் உங்களை விட்டுவிட்டு என்னிடம் பேசினார். “எறக்கத்துல ஓடுற காலுக்கு ஒரு நம்பர் பெரிசு வேணும் தங்கச்சி. வெரல் போய் முட்டப்படாது.” மலைக்கு ஏறி இறங்குகிற எனக்கு அது உடனே விளங்கிவிட்டது. வாங்கினோம். இரண்டு மாதம் ஓடி ஓடி அந்தச் சப்பாத்து செம்மண் நிறமாகி, உங்கள் காலுக்கே பழகி, துணி மாதிரி மெத்தென்று ஆகிவிட்டது.

என் புத்தி கெட்டது அதற்குப் பிறகுதான். ஓட்டத்துக்கு நாலு நாள் இருக்கும்போது பட்டணத்துக்குப் போய் வந்த ஒருத்தி, ஓட வருகிறவர்கள் மாஸ்டர்மார், பொலிஸ்காரர்கள், எல்லாருக்கும் பாலாட்டம் வெள்ளைச் சப்பாத்து என்று சொன்னாள். எனக்குப் பொறுக்கவில்லை. தோட்டத்து ஆள் செம்மண்ணோடு வந்து நிற்கிறான் என்று ஒருத்தரும் சொல்லக்கூடாது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பூசுகிற வெள்ளையை வாங்கி, சப்பாத்தைக் கழுவி, ஒரு பூச்சு பூசினேன். மண் நிறம் தெரிந்தது. இரண்டாவது பூசினேன். அப்போதும் திருப்தி இல்லாமல் மூன்றாவதும் பூசினேன். நமுனுகுல மலையிலிருந்து மூடுபனி இறங்கி இரண்டு நாளாக வெயிலே இல்லை. லயத்தில் எல்லாரும் செய்கிறதைத்தான் நானும் செய்தேன். அடுப்புக்கு மேலே கட்டியிருந்த பரணில், விறகுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

ஓட்டத்துக்கு முதல் நாள் காலையில் அதை இறக்கினேன். நீங்கள் பண்டாரவளையில் உங்கள் மாமன் மகன் வீட்டில் தங்குவதற்காகப் பஸ்ஸுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தீர்கள். சப்பாத்து பளீரென்று இருந்தது. குதிகால் பக்கத்தை விரலால் அமுக்கிப் பார்த்தேன், அமுங்கவில்லை. மூன்று பூச்சும் அடுப்புச் சூட்டில் காய்ந்து பலகையாக இறுகியிருந்தது.

இனிச் சொல்லப்போவதைத்தான் நான் உங்களிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. அதை எப்படிச் சரிப்படுத்துவது என்று எனக்குத் தெரியும். மலையில் இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கு அடுப்புச் சூட்டில் விறைத்துப்போனால், கொஞ்சம் எண்ணெய் தொட்டுக் கையால் கசக்கிப் பதமாக்கித்தான் தினமும் கட்டுவேன். கால் மணி நேர வேலை. தேங்காயெண்ணெய் எட்டும் தூரத்தில் இருந்தது. வெள்ளை கெட்டுப்போகுமே என்று ஒரு சாக்கு மனதில் வந்தது, அதை நான் நம்பவில்லை. உண்மையில் நினைத்தது வேறு. இது காலைக் கடிக்கும். தெமோதரை வரைக்கும் போவார், வலி பொறுக்காமல் நிற்பார், அங்கே ஸ்டேஷன் இருக்கிறது, கோச்சியில் ஏறி நெஞ்சு பத்திரமாக வீட்டுக்கு வந்துவிடுவார். ரோலர் போனால் போகட்டும். இப்படி நினைத்துக்கொண்டு சப்பாத்தைப் பேப்பரில் சுற்றிக் கட்டி உங்கள் கையில் கொடுத்தேன். நாளைக்குத்தான் பிரிக்கணும், அழுக்காயிரும் என்று வேறு சொன்னேன். நீங்கள் சிரித்துக்கொண்டு தலையாட்டிவிட்டுப் போனீர்கள்.

மறுநாள் பதுளையில், ஓட்டம் முடிகிற இடத்தில் போய் நின்றேன். முதலில் வந்தவருக்கு மாலை போட்டுப் பட்டாசு கொளுத்தினார்கள். பிறகு ஒவ்வொருத்தராக, பிறகு இரண்டு மூன்று பேராக வந்தார்கள். கூட்டம் வழுக்குமரம் பார்க்கக் கலைந்துபோனது. நான் போகவில்லை. கோச்சியில் வந்திருப்பார், வீட்டுக்குப் போயிருப்பார் என்று நினைக்கும்போது நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும். எனக்கு நிம்மதி வரவில்லை. நாளைக்குப் பெட்டிக்கு முன்னால் நீங்கள் உட்காரப்போவது கண்ணுக்குத் தெரிந்தது. உட்கார வைத்தது டிஸ்பென்சருமில்லை, டீமேக்கருமில்லை, நான். பெயர் குறிக்கிற மனிதரிடம் போய் இன்னும் ஆட்கள் வருகிறார்களா என்று கேட்டேன். மேசையை மடிக்கப் போகிறோம் அம்மா என்றார். இன்னும் கொஞ்சம் பொறுங்கள் ஐயா என்று அவரைக் கும்பிட்டேன். நீங்கள் வரக்கூடாது என்று திட்டம் போட்டவள், வந்துவிட வேண்டும் என்று அந்த மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வந்தீர்கள். ஓட்டமுமில்லை, நடையுமில்லை. தெமோதரைக்கு இந்தப் பக்கம் ரோட்டில் கிடந்த முதல் நாள் மழைச் சேறு முழங்கால் வரைக்கும் அப்பியிருந்தது. வெறுங்கால். இரண்டு குதிகாலிலும் தோல் உரிந்திருந்தது. சப்பாத்தை மட்டும் இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தீர்கள். கோட்டைத் தாண்டி, பெயர் கொடுத்து, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினீர்கள். நான் உங்கள் முதுகில் காதை வைத்துக் கேட்டேன். மூச்சு சுத்தமாக இருந்தது.

“தெமோதரைலயே கடிச்சிருச்சு. கழட்டிட்டு உக்காந்தேன். கோச்சி வந்து நின்னுச்சு, ஏறிருவமான்னு பார்த்தேன்” என்றீர்கள். பிறகு சப்பாத்தை என் மடியில் வைத்தீர்கள். “மூணு தடவ பூசியிருக்கியே புள்ள. அத வச்சுக்கிட்டு எப்பிடிப் பாதியில ஏறுறது? இந்தா, ஒரு பொட்டு அழுக்குப் படல.”

நான் அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். புருஷன் ஓடி முடித்த சந்தோஷம் என்று சுற்றி நின்றவர்கள் நினைத்தார்கள். ஒரு அம்மா எனக்குப் பலகாரம் கூடக் கொடுத்தாள். நீங்களும் அப்படித்தான் நினைத்தீர்கள். அந்த நேரம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பீர்கள், அதுவும் தெரியும். ஆனாலும் உங்கள் முகத்தில் அவ்வளவு பெருமை இருந்தபோது என்னால் வாயைத் திறக்க முடியவில்லை.

டீமேக்கர் நல்ல மனிதர், சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அடுத்த கிழமையே ரோலருக்குப் போனீர்கள். பதினெட்டு வருஷம் அதில் வேலை செய்தீர்கள், நெஞ்சு ஒரு நாளும் உங்களைப் படுக்க வைக்கவில்லை. நான் பயந்தது ஒன்றும் நடக்கவில்லை. சாயங்காலம் கையெல்லாம் கொழுந்துச் சாறு கறுத்து, பசியோடு, பேசிக்கொண்டே படியேறி வருவீர்கள். நல்லபடியாகத்தான் வாழ்ந்தோம். யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன்.

மகளுக்குக் கொழும்பில் வேலை கிடைத்த சமயம் உங்களுக்கு ஞாபகமிருக்கும். அந்தக் காலத்தில் நம் பிள்ளைகளைத் தனியாக அவ்வளவு தூரம் அனுப்ப யாருக்கும் தைரியமில்லை. அவளைத் தடுக்க எனக்கு நூறு வழி தெரியும். காய்ச்சல் என்று படுத்திருக்கலாம், கடிதத்தை ஒளித்து வைத்திருக்கலாம். நான் அவள் எதிரில் போய் உட்கார்ந்து, “எனக்குப் பயமா இருக்கு. ஆனா நீ போ” என்றேன். அவள் போனாள், நன்றாகவும் இருக்கிறாள். இன்றைக்கும் யாருக்காவது பயந்தால் அதை அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறேன். சொல்லிவிட்டு வழியை விட்டு நகர்ந்துகொள்கிறேன். உங்களிடமிருந்து நான் கற்றுக்கொண்டது அதுதான்.

அவளைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி நடந்தபோது என்னைப் பார்த்துக் கேட்டீர்கள், “என்ன புள்ள, இவ்வளவு லேசா விட்டுட்ட?” நான் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அதற்கான பதிலைத்தான் இன்று எழுதியிருக்கிறேன்.