கண்ணாடியை ஏற்றச் சொன்னவள்

மேலகரம், தென்காசி
ஆவணி மாதம், செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் வேல்விழிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்குச் சுகம். நீ அசாமில் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து, டூட்டிக்குப் போய் வர குற்றாலநாதர் துணையிருக்க வேண்டும். உடம்புக்குச் சுகம் என்றுதான் எழுதியிருக்கிறேன், மனசைப் பற்றிக் கேட்காதே. தினமும் போனில் பேசுகிறவள் என்னத்துக்குக் கடுதாசி போடுகிறாள் என்று நினைப்பாய். நீ கூப்பிட்டால் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், அவரை வைத்துக்கொண்டு இதைப் பேச முடியாது. அவர் கடைக்குப் போன நேரம் பார்த்து எழுதுகிறேன், கையெழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

ஆடிச் சாரலில் பழைய குற்றாலத்திலிருந்து வரும்போது கார் பாலத்துச் சுவரில் இடித்ததே, அதற்கு நீ அப்பாவை அந்தப் பேச்சுப் பேசினாய். கண்ணு தெரியாத மனுசன் வண்டி ஓட்டலாமா, இனிமேல் சாவியைத் தொடக்கூடாது என்று சொன்னாய். ஏட்டி, அது மகள் பேச்சாக இல்லை, நீ ஏர்போர்ட்டுக் காவல் டூட்டியில் துப்பாக்கியோடு நின்று பேசுகிற பேச்சாக இருந்தது. ஆனால் உன்மேல் தப்பில்லை. அவர் சொன்னதைத்தான் நீ நம்பினாய். கண் மங்கல், என் தப்புதான் என்று அவரே சொன்னார். நான் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். பாவி நான், இன்றைக்கு வரைக்கும் மூடிக்கொண்டே இருக்கிறேன். அவர் கண்ணுக்கு ஒரு கேடும் இல்லை, டாக்டரிடம் கூட்டிப்போய்க் காட்டியாயிற்று. நடந்ததை நான் சொல்கிறேன், கேள்.

நம் வண்டியில் ஏசி போட நான் விட மாட்டேன் என்பது உனக்குத் தெரியும். தலைக்கு ஏறும், சளி பிடிக்கும் என்று சொல்லிச் சொல்லி மாசக்கணக்காக அந்தப் பொத்தானைத் தொடவிடவில்லை. ஆனி பிறந்ததும் அப்பா போட்டுப் பார்த்தால் வெறும் காற்றுதான் வந்தது. கடையநல்லூர் யாக்கூப்பிடம் கொண்டு போனோம், வண்டி ஏசி வேலைக்கு இந்தப் பக்கம் எல்லோரும் அவனிடம்தான் போவார்கள். அவன் மீட்டர் மாட்டினான், இரண்டு முள்ளும் ஒரே இடத்தில் நின்றது, கம்ப்ரசர் சுற்றவே இல்லை என்றான். அப்புறம் பேட்டரியிலிருந்து கம்ப்ரசருக்கு நேராகக் கரண்ட் கொடுத்தான். டக்கென்று கிளட்ச் ஒட்டியது, உடனே பெல்ட் கீச்சென்று கத்தியது, சட்டென்று ஒயரைப் பிடுங்கிவிட்டான். யக்கா, உள்ள இறுகிப் போச்சு, ஓட்டாமலே வச்சிருந்தா எண்ணெய் ஓடாது, கம்ப்ரசரை மாத்தித்தான் ஆகணும் என்றான். மாற்றிவிடு என்று அப்பா அப்போதே சொன்னார். நான்தான் குறுக்கே விழுந்தேன். சாரல்ல எவன் ஏசி போடுதான், சித்திரை வெயிலுக்குப் பாத்துக்கிடலாம் என்றேன். அப்பா, மழையிலதான் முப்பிடாதி அது வேணும், உள்ள கண்ணாடியில ஆவி மூடிக்கிடும் என்று பொறுமையாகச் சொன்னார். நான் கேட்டேனா? இத்தனை வருசம் கவர்மெண்ட் பஸ் ஓட்டுன மனுசன், மழைன்னா பீடித்தூளைக் கண்ணாடியில தேச்சிட்டு செங்கோட்டைக்கும் புளியரைக்கும் போயிட்டு வந்திய, இப்ப என்ன புதுசா ஏசி கேக்குது என்று யாக்கூப் முன்னாலேயே கேலி பண்ணினேன். அவர் சிரித்துவிட்டு வண்டியை எடுத்தார்.

அன்றைக்குச் சித்தி வீட்டு ஆட்களையும் ஏற்றிக்கொண்டு அருவிக்குப் போனோம். எண்ணெய் தேய்த்துக் குளித்து, ஈரச் சேலையும் ஈரத் தலையுமாக ஐந்து பேர் வண்டிக்குள் ஏறினோம். அப்பா வெளியே பீடித்தூள் தேய்த்தார், நான் சொன்னேன் என்பதற்காகவே தேய்த்திருப்பார். வெளியே தண்ணீர் நிற்காமல் வழிந்தது, ஆனால் உள்ளே எங்கள் மூச்சும் ஈரமும் சேர்ந்து கண்ணாடி பால் மாதிரி வெளுத்துவிட்டது. அவர் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினார், கொஞ்சம் தெளிந்தது. சாரல் என் தலையில் அடிக்கிறது, ஏத்துங்க, ஏத்துங்க என்று நான் கத்தினேன். ஒரு நிமிசம் பொறு என்றார், நான் பொறுக்கவில்லை. ஏற்றினார். நான் துண்டை எடுத்து முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தேன். துடைத்த இடத்தில் ஒரு பெண்பிள்ளை, இடுப்பில் குழந்தையோடு, ரோட்டோரமாக நடந்து போகிறாள், நம் வண்டிக்கு நேராக. ஐயோ வேலு! அப்பா ஸ்டியரிங்கை ஒரே வெட்டாக வெட்டிச் சுவரில் கொண்டுபோய் இடித்தார். அந்தப் பிள்ளைக்கும் குழந்தைக்கும் ஒரு கீறல் இல்லை. அவர் முழங்கால்தான் வீங்கியது. வேறொருவன் ஓட்டியிருந்தால் அந்தக் குடும்பம் என்னவாகியிருக்கும்?

கூட்டம் கூடிவிட்டது. எலே கெழவா, கண்ணு அவிஞ்சா போச்சு என்று நேற்றுப் பிறந்தவன் எல்லாம் கேட்டான். சர்வீசில் ஒரு கோழியைக்கூட அடிக்காத மனுசன் கையைக் கூப்பிக்கொண்டு, என் தப்புதான்யா, கண்ணு மங்கல் என்றார். நான் ஈரத் துண்டைப் பிடித்துக்கொண்டு முன் சீட்டிலேயே இருந்தேன். இறங்கி, இல்லய்யா, நாந்தான் கண்ணாடிய ஏத்தச் சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சித்தியும் சித்தப்பாவும் இருக்கிறார்களே, என்ன நினைப்பார்கள் என்று இருந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அழுதேன். வேல்விழிகிட்ட நான் உள்ளதச் சொல்லிருதேன் என்றேன். சும்மா கெட, ஸ்டியரிங் புடிச்சது நான், பொண்டாட்டி சொன்னா ஏத்துனேன்னு சொல்லுதது ஒரு டிரைவருக்கு அழகா என்று கேட்டுவிட்டார்.

இப்போது கடையநல்லூர், சுரண்டை எங்கே போனாலும் பஸ்தான். முன்பெல்லாம் டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து, அண்ணாச்சி அண்ணாச்சி என்று டிரைவர்கள் பேச, இவர் கியர் மாற்றுகிற விதத்துக்குக் குறை சொல்லிக்கொண்டு வருவார். இப்போது பின்வாசல் வழியாக ஏறிக் கடைசி சீட்டுக்குப் போய்விடுகிறார். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

போன வாரம் யாக்கூப்பை வரச்சொல்லி நானே வண்டியைக் கொடுத்தனுப்பினேன். பின்னாலேயே நானும் போய் நாள் பூரா அவன் பட்டறையில் இருந்தேன். பழைய கம்ப்ரசரைக் கழற்றிக் கவிழ்த்தான், கறுப்பாக எண்ணெயும் அதில் மினுமினு என்று இரும்புத்தூளும் வந்தது. இதோட புதுசை மாட்டுனா அதையும் தின்னுரும் என்று சொல்லி, குழாயெல்லாம் கழுவி, ஈரத்தை உறிஞ்சுகிற டிரையரையும் மாற்றி, உள்ளே இருக்கிற காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு கேஸ் ஏற்றினான். நான் முன் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடியில் வாயை வைத்து ஊதினேன். வெளுத்தது. ஏசியைப் போடச் சொன்னேன். அஞ்சாறு மூச்சு விடுவதற்குள் தெளிந்து எதிரே சைக்கிளில் போகிறவன் முகம் தெரிந்தது. இவ்வளவுதானா, இதற்காகவா அந்த மனுசனைத் தலைகுனிய வைத்தேன் என்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

வண்டி வீட்டு வாசலில் நிற்கிறது. துடைத்து வைக்கிறார், ஏறமாட்டேன் என்கிறார். நான் சொன்னால் போதாது, நீ சொன்ன சொல்தான் அவரைப் பிடித்து வைத்திருக்கிறது. ஐப்பசியில் லீவில் வரும்போது திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கி டாக்சியில் வந்துவிடுகிறேன் என்றாயே, சரிம்மா அதுதான் நல்லது என்று சொல்லிவிட்டு அவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அவரிடம் மன்னிப்பு எல்லாம் கேட்காதே, கூச்சப்படுவார். நான் எழுதினேன் என்று தெரிந்தால் என்னை வைவார், வையட்டும்.

குளிருக்குக் கம்பளிச் சட்டை போட்டுக்கொள், தலைக்கு எண்ணெய் வைக்காமல் இருக்காதே. இலஞ்சிக் குமாரர் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றுவார். மறந்துவிடாதே, இந்தக் கடுதாசி கிடைத்த அன்றைக்கே அப்பாவுக்குப் போன் போடு. அப்பா, அடைமழையா இருக்கும், டாக்சிக்காரனை நம்பி வர எனக்குப் பயமா இருக்கு, நீங்களே ஜங்ஷனுக்கு வந்து என்னைக் கூட்டிட்டுப் போங்க என்று சொல்லு.

உன் பிரியமுள்ள அம்மா,
சி. முப்பிடாதியம்மாள்