மூன்று, பிறகு இரண்டு

நவம்பர் 11, 2024, திங்கள்

தாதரில் ரயில் இருபது நிமிடம் நின்றது. மோர்சாதம் பைக்குள்ளேயே கொட்டிவிட்டது. ஒரு நாளுக்கு இது போதாதா என்றால், முதல் ஆளாக பைசான்.

அரசாங்கக் கப்பல், சீருடை வேலை, எஞ்சின் அறை. வருடாந்திரப் பரிசோதனைக்கு வந்திருந்தான். என் பங்கு காது மட்டும். பதினாறு வருடமாக இந்தக் கிளினிக்கில் இதே கூண்டு: சத்தம் புகாத அறை, உள்ளே நாற்காலி, ஹெட்ஃபோன், கையில் ஒரு பொத்தான். நான் வெளியிலிருந்து ஒலி கொடுப்பேன். கேட்டால் அழுத்த வேண்டும். அழுத்தினால் என் மெஷினில் பச்சை விளக்கு எரியும். குழந்தைகூடச் செய்துவிடும்.

இவன் நான் ஒன்றுமே கொடுக்காதபோது அழுத்துகிறான். வெளியே இழுத்து, "பீச் மே மத் தபாவோ", நடுவில் அழுத்தாதே என்று இந்தியில் கத்தினேன். தலையை ஆட்டிவிட்டுப் போய் மறுபடி அதையே செய்தான். தப்பு அழுத்தலைத் தாளில் ஏற்றக் கூடாது, மறுபடி விளக்கி மறுபடி எடுக்க வேண்டும் என்பது விதி. எடுத்தேன். எரிச்சலில் ரஃப் காகிதத்தில் மட்டும் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டிருந்தேன். மூன்று புள்ளி, இடைவெளி, இரண்டு புள்ளி. இப்படி நாலு தடவை.

ஃபிட் என்று போட்டு அனுப்பினேன்.

கவுன்டரில் ஃபர்ஸானாவிடம் ஒரு கர்ப்பிணிப் பெண் அழுதுகொண்டிருந்தாள். தாராவியாம். புருஷன் கப்பலிலிருந்து சொல்லாமல் ஓடிவிட்டானாம். அதனால் அவள் வைத்திய கார்டும் முடக்கம்.

நவம்பர் 13, புதன்

இன்று ஒரு ரத்னாகிரிக்காரர். ஐம்பது வயது, பெயின்ட் வேலை. பைசானின் அதே கப்பல். (பேரை இங்கேகூட எழுத மாட்டேன்.)

மூன்று. இடைவெளி. இரண்டு.

நான் ஸ்விட்சிலிருந்து கையையே எடுத்துவிட்டேன். விளக்கு தன் பாட்டுக்கு எரிந்தது. கண்ணாடி வழியே பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நவம்பர் 14

பக்கத்து ஃபிளாட்டில் ஆணி அடித்தார்கள். நின்று எண்ணினேன். எனக்கு என்ன ஆச்சு?

நவம்பர் 15, வெள்ளி

மெஷின் கம்பெனி ஆள் வந்து பார்த்தான். ஒரு கோளாறும் இல்லையாம். "மேடம், நீங்க நல்லா தூங்கறீங்களா?" என்று கேட்டான். திமிர்.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனதும் நானே கூண்டுக்குள் உட்கார்ந்தேன். என் ரத்தம் ஓடுகிற சத்தம், எச்சில் விழுங்குகிற சத்தம். வேறு ஒன்றும் இல்லை. ஆனாலும் அஞ்சு நிமிடத்துக்கு மேல் முடியவில்லை. கதவு கொஞ்சம் இறுக்கம். ஒரு தள்ளுக்குத் திறக்காமல் இரண்டாவது தள்ளுக்குத் திறந்தது. அந்த ஒரு நொடியில் வியர்த்துக் கொட்டிவிட்டது.

நவம்பர் 18, திங்கள்

வரிசையாக எழுதுகிறேன்.

அந்தப் பெண் மறுபடி வந்தாள். பேர் கலைச்செல்வி. ஏழாம் மாதம், ரத்த அழுத்தம் வேறு. மூன்றாம் மாதத்திலிருந்து நம் ஆஸ்பத்திரி டாக்டரிடம்தான் காட்டிவந்தாள். இப்போது கார்டு இல்லாமல் உள்ளேயே விட மாட்டேன் என்கிறார்கள். ஃபர்ஸானா பாவம் என்ன செய்வாள்? ஓடிப்போனவன் குடும்பத்துக்கு வைத்தியம் கிடையாது என்று உத்தரவே இருக்கிறது.

"அவுக ஓடிப்போற ஆளு இல்ல மேடம்" என்றாள் என்னிடம். "எங்கிட்ட சொல்லாம ஒரு சாயாகூட குடிக்க மாட்டாவ."

ஃபர்ஸானா ஃபைலைத் தேட உள்ளே போனாள். காத்திருந்தபடி கலைச்செல்வி கவுன்டர் கண்ணாடியில் விரல் முட்டியால் தட்டினாள். தன் ஞாபகமே இல்லாமல்.

மூன்று. இடைவெளி. இரண்டு.

"அது என்னம்மா?" என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"எதுங்க? இதா? எங்க வீட்ல காலிங் பெல் கிடையாது. அவுக இப்படித்தான் தட்டுவாவ. வேற யாரு எப்படித் தட்டுனாலும் கதவைத் திறக்காதன்னு சொல்லியிருக்காவ."

புருஷன் பேர் கணேசபாண்டியன். ஆகஸ்ட் கடைசியிலிருந்து காணவில்லை. கப்பல்? அதே கப்பல்தான்.

பயமாக இருக்கிறது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன், பயமாகவே இருக்கிறது.

நவம்பர் 21, வியாழன்

அப்துல் ஹாதி வந்தான். அதே கப்பல், கோவண்டியில் வீடு, நம் தமிழ். கூண்டில் உட்கார்த்தி, ஒரு ஒலியும் கொடுக்காமல் காத்திருந்தேன். விளக்கு எரிந்தது. ஐந்தாவது சுற்றில் கதவைத் திறந்து, "தட்டறது யாரு?" என்று நேராகக் கேட்டேன்.

ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு அழ ஆரம்பித்தான்.

கரையில் கட்டியிருந்தபோது கீழே காலி டாங்க்குக்குள் துரு சுரண்டினார்களாம். சாயங்காலம் சீஃப் எஞ்சினியர், "எல்லாரும் வெளிய வந்தாச்சு, மூடு" என்றாராம். வெளியே வந்தவர்கள் ரெஜிஸ்டரில் எல்லாப் பேருக்கும் டிக் இருந்தது. மூடி, போல்ட் முடுக்கிவிட்டார்கள். விடிந்து கப்பல் கிளம்பியபோது சத்தம்.

"சீஃப் கிட்ட சொன்னோம் அக்கா. பைப்ல காத்து அடைச்சிருக்கு, வேலையைப் பாருங்கன்னாரு. மறுநா சத்தம் நின்னுட்டு. அன்னிக்குத்தான் பாண்டியன் இறங்கி ஓடிட்டான்னும் சொன்னாங்க. ரெண்டையும் சேத்துப் பாக்க எங்க யாருக்கும் தைரியம் வரல."

"இப்போ?"

"இப்ப கரைக்கு வந்தா கேக்குது. வீட்ல ஃபேனை நிறுத்துனா கேக்குது."

அந்த டாங்க்கை இன்னும் யாரும் திறக்கவில்லை. அடுத்த வருடம்தான் முறையாம்.

நவம்பர் 22

வீட்டுக்காரர் சுந்தரராமனிடம் சொன்னேன். முப்பது வருடம் பாங்கில் இருந்த மனுஷர், ஃபைலைத் தவிர எதற்கும் பயப்பட மாட்டார். "நோக்கு எதுக்கு இந்த வம்பு பாகீ? மார்ச்ல கான்ட்ராக்ட் புதுப்பிக்கணுமோன்னோ? காதுல கேட்டதெல்லாம் சாட்சியாகுமா?"

அப்புறம் காபியைக் கீழே வைத்துவிட்டு, "அந்தப் பொண்ணுக்கு எப்போ டெலிவரி?" என்றார்.

நவம்பர் 25, திங்கள்

எழுதிவிட்டேன்.

தாளில் குறிப்பு என்று ஒரு கட்டம் உண்டு. பதினாறு வருடத்தில் அதில் நான் 'காதில் அழுக்கு' தவிர எதுவும் எழுதியதில்லை. மூன்று தாளிலும் எழுதினேன்: 'ஒலி கொடுக்காத நேரத்தில் மூவரும் ஒரே வரிசையில் அழுத்தினர். மூவரும் கணேசபாண்டியன் காணாமல்போன கப்பலைச் சேர்ந்தவர்கள். மூடிய காலி டாங்க்கைத் திறந்து பார்க்கவும்.' ரஃப் காகிதத்தையும் பின்னால் குத்தினேன்.

எங்கள் கிளினிக் டாக்டர் குதித்தார். "நீ டெக்னீஷியனா, போலீஸா? இவங்க மூணு பேரும் அன்ஃபிட் ஆவாங்க, தெரியுமா?"

தெரியும். அதனால்தான் அப்துல் ஹாதியை முதலிலேயே போனில் கேட்டேன். "எழுதுங்க அக்கா. கூப்பிட்டா நான் வந்து சொல்லுதேன்" என்றான். ரத்னாகிரிக்காரரும் பைசானும் சரி என்றார்களாம்.

ஃபர்ஸானா சீல் குத்தி, தலைமை அலுவலகத்துத் தபாலில் சேர்த்தாள். டாக்டர் கேட்டபோது தபால் போயிருந்தது.

நவம்பர் 28, வியாழன்

இன்று சீஃப் வந்தார். அவருக்கும் வருடாந்திர முறைதான். மரியாதையான மனிதர், சட்டையில் ஒரு மடிப்பு கலையவில்லை.

இருபத்தாறு வருடம் எஞ்சின் பக்கத்தில் நின்றவர்களுக்கு மேல்ஸ்தாயி காது போயிருக்கும். ஒருவருக்குக்கூடத் தப்பிப் பார்த்ததில்லை. இவருக்குப் பச்சைக் குழந்தையின் காது. நான் கொடுத்ததற்கெல்லாம் அழுத்தினார். கொடுக்காததற்கு ஒரு தடவைகூட இல்லை. வேண்டுமென்றே நான்கு நிமிடம் சும்மா இருந்தேன். கைகள் மடியில் அப்படியே கிடந்தன.

வெளியே வந்து ஆங்கிலத்தில், "நல்ல அமைதியான அறை" என்றார்.

டிசம்பர் 4

தலைமை அலுவலகத்தில் மூன்று மணி நேரம். ஒரே கேள்வியை ஆறு பேர் கேட்டார்கள். அப்துல் ஹாதி வந்திருந்தான், சொன்னபடி.

டிசம்பர் 12, வியாழன்

திறந்தார்கள்.

டாக்டர் என் அறைக்கே வந்து சொன்னார். உட்காரக்கூட இல்லை. துரு சுரண்டுகிற சுத்தியல் அவன் பக்கத்திலேயே கிடந்ததாம். மூடியின் உட்பக்கம் ஒரே இடத்தில், உள்ளங்கை அளவுக்கு, பெயின்ட் மொத்தமும் உதிர்ந்திருந்ததாம். "நீ முதல் நாளே எழுதியிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது பாகீரதி. அவன் போய் மூணு மாசம் ஆச்சு" என்றார்.

இருக்கட்டும். அவன் தட்டியதை நான் முதலில் 'தப்பு அழுத்தல்' என்றுதானே ஒதுக்கினேன்? ஃபிட் என்று கையெழுத்துப் போட்டேனே. ரயிலில் லேடீஸ் கம்பார்ட்மென்டில் எல்லோரும் பார்க்க அழுதேன்.

டிசம்பர் 13

அப்துல் ஹாதி போன். "நின்னுட்டு அக்கா. மூணு பேருக்கும்."

டிசம்பர் 30

கலைச்செல்விக்கு நம் ஆஸ்பத்திரியிலேயே பிரசவம். பெண். கார்டு வரவில்லை, அவன் ஓடிப்போகவில்லை என்ற தலைமை அலுவலகக் கடிதத்தைக் காட்டிச் சேர்த்தோம். நானும் ஃபர்ஸானாவும் வாசலில் நின்று கத்தினதில்தான் அந்தக் கடிதத்தை எடுத்துப் படித்தார்கள்.

பிப்ரவரி 24, 2025, திங்கள்

மார்ச்சுக்கு மேல் புதுப்பிக்கவில்லை என்று காலையில் எனக்குக் கடிதம் வந்தது. சுந்தரராமன் போனில், "போறது போ, மத்தியானம் சூடா சாப்பிடலாம்" என்றார்.

பதினோரு மணிக்குக் கலைச்செல்வி குழந்தையோடு வந்தாள். புதுக் கார்டு. உறவு என்ற இடத்தில் 'மனைவி' போய் 'விதவை' வந்திருக்கிறது. வாங்கி, படிக்காமல் பைக்குள் போட்டாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"மேடம், அந்த ரூம்ல நான் ஒருக்க உக்காரட்டுமா? அவங்களுக்கெல்லாம் கேட்டுச்சுல்ல. எனக்கு மட்டும்தான் கேக்கவே இல்ல."

குழந்தையை ஃபர்ஸானா வாங்கிக்கொண்டாள். ஹெட்ஃபோனை மாட்டிவிட்டேன், பொத்தானைக் கையில் கொடுத்தேன், கதவைச் சாத்தினேன். ஒரு ஒலியும் கொடுக்கவில்லை.

பத்து நிமிடம். விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். எரியவில்லை. எரிய வேண்டும் என்று நினைத்தேனா, கூடாது என்று நினைத்தேனா, தெரியவில்லை.

அப்போது கதவின் உட்பக்கம் தட்டினாள். கனத்த கதவு, சத்தத்தைவிட அதிர்வுதான் வந்தது. மூன்று. இடைவெளி. பிறகு இரண்டு.

கடைசித் தட்டு முடிவதற்குள் திறந்துவிட்டேன்.