ஷட்டரைப் பூட்டிவிட்டு வெளியே நின்றவருக்கு

என் பிரியத்துக்குரிய காதர் மாமாவுக்கு,

தீர்ப்பு வந்துவிட்டது. தங்கதுரைக்கும் அவனோடு வந்த இரண்டு பேருக்கும் ஆயுள் தண்டனை. மாமி கடையில் இருந்தபடியே கேட்டுவிட்டு, "சரி" என்றார்களாம். உங்களுக்கு நானே சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

எனக்கு முதலில் நீங்கள் அப்பாவின் முதலாளி, அவ்வளவுதான். தச்சநல்லூரில் உங்கள் இரும்புக் கடையின் லோடு ஆட்டோவை அப்பா ஓட்டினார். எனக்கு மெடிக்கல் சீட் கிடைத்து, நமக்கு இது கட்டாது என்று அப்பா சொன்ன அன்று நீங்கள் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. "ஏலே, இப்பேர்ப்பட்ட பிள்ளைய வீட்டுல உக்கார வைக்கப் போறியா? படிப்பு முடியிற வரைக்கும் பீஸு ஏம் பொறுப்பு. மறுபேச்சு பேசுன, கொன்னுருவேன்!"

நான் காலில் விழ வந்தேன். நீங்கள் துள்ளி நகர்ந்தீர்கள். "எந்திரிட்டி மருமவளே. எனக்கு ஊசின்னா பயம். வலிக்காமப் போடப் படி, போதும்."

ஊசிக்குப் பயந்த நீங்களா மாமா அந்த மத்தியானம் அரிவாளுக்கு முன்னால் நின்றீர்கள்?

கடையில் வேலை பார்த்த இசக்கிமுத்து காதலித்துக் கல்யாணம் செய்திருந்தான். பெண்ணின் அண்ணன் தங்கதுரை இரண்டு ஆட்களோடு துரத்தி வர, புருஷனும் பெண்டாட்டியும் உங்கள் கடைக்குள் ஓடி வந்தார்கள். நீங்கள் ஷட்டரை இழுத்து வெளியிலிருந்து பூட்டி, சாவியைச் சாக்கடையில் எறிந்தீர்கள். நீங்களும் உள்ளே போயிருக்கலாமே? ஷட்டரில் உடம்பு மோதுகிற சத்தம் மட்டும்தான் உள்ளே இருந்தவர்களுக்குக் கேட்டது. வெட்டியதைத் தெருவே பார்த்தது. போலீஸ் வந்தபோது, பார்த்ததாகச் சொல்ல ஒருவர் இல்லை.

பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவில் அன்று நான் ஹவுஸ் சர்ஜன். சட்டையைக் கத்தரித்து, முகத்து ரத்தத்தைத் துடைத்த பிறகுதான், தோளிலிருந்து மார்பு வரை பிளந்து கிடந்த ஆள் நீங்கள் என்று தெரிந்தது. இடது கை தோலில் தொங்கியது. இரண்டு கையையும் காயத்துக்குள் வைத்து அழுத்தினேன். அலறினீர்கள். விட்டால் போய்விடுவீர்கள், அதனால் இன்னும் அழுத்தினேன்.

"மருமவளே, அந்தப் பிள்ளையோ உள்ள கெடக்குதுவோ. தொறந்து விடச் சொல்லு."

"வெட்டுனது யாரு மாமா?"

"தங்கதுரை... அவன்தான்."

ஆபரேஷன் தியேட்டர் வாசலில், என் விரல்களுக்குக் கீழே துடிப்பு நின்றது.

போலீசில் நான் வாக்குமூலம் கொடுத்தபிறகு பைக்கில் இரண்டு பேர் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். "ஒம் மவ டாக்டராவணுமா, பொணமாவணுமா? கேட்டு வையி" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, வாசல் கதவில் அரிவாளால் ஒரு கொத்துக் கொத்திவிட்டுப் போனார்கள். அம்மா அழுதாள். "ஏட்டி, ஒண்ணும் காதுல விழலன்னு சொல்லிரு. அவுக போயாச்சு. நீ இருக்கணும்லா." அப்பாவோ, சாட்சி சொல்ல வேண்டிய காலையில் லோடு ஆட்டோவைத் துடைத்து, ஸ்டார்ட் செய்து, எனக்காகக் காத்திருந்தார்.

கூண்டுக்குள் தங்கதுரை கொட்டாவி விட்டான். அவன் கழுத்தில் எந்த இடத்தில் ரத்தக்குழாய் துடிக்கிறது என்று எனக்குத் தெரியும். நீங்கள் படிக்க வைத்த படிப்பு. அதை அறுத்துப் போட என் கை பரபரத்தது மாமா. உங்களிடம் மறைத்து என்ன?

அவன் வக்கீல் சிரித்துக்கொண்டே வந்தார். "ஒங்க படிப்புக்குப் பணம் கட்டுனதே அவர்தானே?"

"ஆமா."

"அந்த நன்றிக்காக இவர் பேரைச் சொல்லுதீங்க. அவர் மயக்கத்துல கெடந்தார், ஒண்ணுமே பேசல. சரிதானா?"

மாமி எதிரே உட்கார்ந்திருந்தார்கள். வலி தெரியாமலே போய்விட்டீர்கள் என்றுதான் நாங்கள் எல்லோரும் அவர்களிடம் சொல்லியிருந்தோம்.

"மயக்கத்துல இல்ல சார். கடைசி வரைக்கும் வலி தெரிஞ்சுது. அலறுனாங்க. அந்த அலறலுக்கு எடையிலதான் பேரைச் சொன்னாங்க. நன்றிக்காகப் பொய் சொல்லுததா இருந்தா, அவுங்க வீட்டம்மா இருக்கிற எடத்துல இதையா சொல்லுவேன்?"

மாமி எழுந்து போகவில்லை. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு முழுவதையும் கேட்டார்கள். வெளியே வந்ததும் என் கைகளை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டார்கள். "இந்தக் கையிலதானட்டி போனாஹ."

துரத்தி வந்த மூன்று பேரையும் கோர்ட்டில் அடையாளம் காட்டிய இசக்கிமுத்து வெளியூரில் பிழைக்கிறான். பெண் குழந்தை பிறந்திருக்கிறது. எதிர்த்தரப்பு அப்பீலுக்குப் போகிறதாம். சென்னைக்குப் போய்விடு என்கிறார் அப்பா.

போக மாட்டேன் மாமா. சர்ஜரி மேல்படிப்புக்கு இதே ஆஸ்பத்திரியைத்தான் எடுத்திருக்கிறேன். இந்த ஊரில் இன்னும் வெட்டுப்பட்டு வருகிறார்கள். வருகிறவர் யாரானாலும் முதலில் ரத்தத்தை நிறுத்துவேன். பிறகு, யார் வெட்டியது என்று குனிந்து கேட்பேன். கேட்டதை, எங்கே சொல்ல வேண்டுமோ அங்கே போய்ச் சொல்வேன்.

உங்கள் மருமகள்,
பேச்சியம்மாள்