ஆசாரியர் உயிரோடு இருக்கும்வரை

எபிரோன் அடைக்கலப்பட்டணம்,
வாற்கோதுமை அறுப்பு, இரண்டாம் நாள்

அன்புள்ள எல்நாத்தானுக்கு, உன் வீட்டுக்குச் சமாதானம்.

பதினோராவது ஆண்டாக எழுதுகிறேன். ஒரு வரி பதில் போட உனக்கு மனமில்லை. குறை சொல்லவில்லை. உன் தம்பி சக்கூர் என் கோடரியால் செத்தான். கைதவறிய சாவு என்று சபை தீர்த்து எனக்கு இங்கே அடைக்கலம் தந்தது; இந்த மதிலுக்கு வெளியே ஓரடி வைத்தால், பழிவாங்கும் உரிமையுள்ள உன் கையில் என் உயிர். சட்டப்படி, ஆண்டவருக்குப் பலியிடும் பிரதான ஆசாரியர் இறந்தால்தான் நான் பயமின்றி வீடு திரும்பலாம்.

அதனால்தானோ என்னவோ, அவருடைய தாயார் இங்கே அடைக்கலம் புகுந்த எங்களுக்கு ரொட்டியும் கம்பளியும் அனுப்புகிறார். “தின்னுங்கய்யா, எங்க எஜமான் நூறு வயசு இருக்கணும்னு வேண்டிக்கிட்டே தின்னுங்க” என்கிறாள் வேலைக்காரி. எதிர்வீட்டுக் குயவன் சும்மா இருப்பானா? “என்ன மச்சான், ஆசாரியருக்கு இன்னிக்காவது ஒரு இருமல் வந்துச்சா?” என்று கேட்கிறான். சிரித்துவைக்கிறேன். ஆனால் அந்த ரொட்டியை மென்றுகொண்டே அவர் சாக வேண்டுமென்று ஜெபித்திருக்கிறேன். உன்னைத் தவிர யாரிடம் சொல்வேன்?

உன் பெரேகியா


தெக்கோவா,
திராட்சை பறிப்பு, ஒன்பதாம் நாள்

பெரேகியாவுக்கு,

ஆசாரியர் இறந்துவிட்டார். நீ வரலாம். இனி உன்னைத் தொட்டால் அது கொலை என்று மூப்பர்கள் என்னை உட்காரவைத்துச் சொன்னார்கள். தலையாட்டினேன். அவர் சாக வேண்டுமென்று நீ ஜெபித்தாய்; நீ அங்கேயே கிடக்க வேண்டுமென்று, அவர் நீடூழி வாழ நான் ஜெபித்தேன். ஆண்டவர் உனக்குத்தான் செவிகொடுத்தார்.

எழுத்துச் சொல்லிக்கொடுத்த காலத்தில் பிள்ளைகளிடம் கேட்பேன். முட்டும் மாடென்று தெரியாமல் அவிழ்த்துவிட்டவன் ஒருவன், தெரிந்தே விட்டவன் ஒருவன். இரண்டு மாடும் ஆளைக் கொன்றன. சட்டம் ஏன் ஒருவனை மட்டும் சாகச் சொல்கிறது? மந்தமான பிள்ளைகூட உடனே பதில் சொல்லிவிடும்.

கோடரித் தலை காம்பில் தளர்ந்திருந்தது உனக்குத் தெரியுமா? தெரியாது என்று சபையில் சொன்னாய். என்னிடம் சொல். இல்லை என்றால் நம்பிவிடுகிறேன். களைத்துப்போனேன்.

எல்நாத்தான்


எபிரோன்,
திராட்சை பறிப்பு, பன்னிரண்டாம் நாள்

எல்நாத்தான்,

தெரியும். காலையிலிருந்தே ஆடிக்கொண்டிருந்தது. “அண்ணே, ஆப்பு வச்சு இறுக்கிட்டு வெட்டுண்ணே” என்றான் சக்கூர். “இந்த ஒரு மரம் முடியட்டும்டா. கல்யாணம் ஆனதும் உயிர் மேல ஆசை வந்துருச்சோ?” என்றேன். சிரித்தான். கோடரித் தலை கழன்று, சிரித்த முகத்தில்தான் விழுந்தது.

ஆண்டவர் எனக்குச் செவிகொடுத்தார் என்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. என்னைப் பதினொரு ஆண்டு பத்திரமாக வைத்திருந்து, இப்போது உன்னிடம் அனுப்புகிறார்.

ஓய்வுநாளுக்கு மறுநாள் காலை தனியாகப் புறப்படுகிறேன். இதை மூப்பர்களிடம் காட்டுவதும் காட்டாததும் உன் விருப்பம். உன் வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். நீ கையில் எதை வைத்துக்கொண்டு வெளியே வந்தாலும் ஓடமாட்டேன்.

பெரேகியா