குழாய்க்குள் ஒரே கம்பி

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. வாங்க வேண்டியவை: கொத்தமல்லி, கேஸ் லைட்டர்.

மாலை ஏழு மணிக்குக் கோவையிலிருந்து தம்பி செந்தில், வீடியோவில். ஜடையை இழுப்பது போலக் காட்டினான். 'அக்கா' என்பதற்கு எங்கள் வீட்டுச் சைகை. அடுத்த நிமிடம் படம் உறைந்துவிட்டது. மார்புக்கு முன்னால் பாதியில் நின்ற கைகள். காது கேட்காதவனுக்குக் கை நின்றால் பேச்சு நின்றது. கைபேசி சிக்னலும் எங்கள் வீட்டில் ஒரு கோடுதான்.

மூன்று முறை முயன்ற பிறகு குறுஞ்செய்தி: "அப்புறம் பேசலாம் அக்கா. வேலை." வேலை ஒன்றும் இல்லை. எழுத்தில் சுருங்கிப்போகிறவன் அவன். சிரிப்பு, கோபம், வம்பு எல்லாம் கையில்தான். போன வாரம் நான்கு நாள் அழைக்கவே இல்லை. விலகுகிறான்.

இவர்: "இன்டர்நெட்ட வேற கம்பெனிக்கு மாத்தீரலாம் பானு."

"எப்படிங்க? நம்ம பில்டிங்குல ஒரே கம்பெனிதான்."

"யாரு அப்படி எழுதிக் குடுத்தது?"

கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். நான்தான்.

ஜூலை 10, வியாழன்

மழை. கரண்ட் இரண்டு முறை போனது. பழைய கோப்பைத் தேடி எடுத்தேன். எங்கள் குடியிருப்புச் சொசைட்டிக்குச் செயலாளராக இருந்தபோது நான் போட்ட ஒப்பந்தம். கட்டடத்தில் கம்பி போகும் குழாயில் அந்த நிறுவனத்தின் கம்பி மட்டும். பதிலுக்கு கேட்டில் இலவச கேமரா. கீழே என் கையெழுத்து, ரொம்பப் பெருமையாக. அன்று எல்லோரும் கைதட்டினார்கள்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் சொல்வதையும் படித்தேன். கட்டடத்துக்குள் எல்லா நிறுவனங்களுக்கும் வழி இருக்க வேண்டுமாம். நகரத்தின் ஓரத்தில், இந்தச் சாங்வியில், எங்கள் நாலு மாடியை யார் வந்து பார்ப்பார்கள்?

சின்ன வயதில் ஃபோன் என்றால் அரசு ஒன்றுதான். அப்பா எழுதிக் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார். பிறகு அரசே பலரை உள்ளே விட்டது, விதி போட்டது. டேட்டா மலிந்தது. அதனால்தான் செந்திலும் நானும் தினமும் பேச முடிந்தது. வாசல்வரை வந்த போட்டியை வாசலில் வைத்துப் பூட்டியவள் நான்.

ஜூலை 13, ஞாயிறு

பார்க்கிங்கில் கூட்டம். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் மாதம். சொசைட்டித் தலைவர் குல்கர்ணி, எல்லோருக்கும் காகா, சித்தப்பா முறை: "கேமரா ஃப்ரீ ஹை, பாபி. ஔர் க்யா சாஹியே?" கேமரா இலவசம் அண்ணி, அதற்கு மேல் என்ன வேண்டும் என்கிறார்.

மூன்றாம் மாடி வித்யா மராத்தியில் கிண்டல்: "அந்த கேமராவுல இதுவரைக்கும் மாட்டினது ஒரு பூனைதான்."

செந்திலைப் பற்றிப் பேசக் கூடாது என்ற முடிவோடுதான் போயிருந்தேன். அவனைக் காட்டி இரக்கம் கேட்க மனமில்லை. தப்பு என்னுடையது, கேமராவை நாமே வாங்கிக்கொள்ளலாம், குழாயை எல்லா நிறுவனத்துக்கும் திறந்துவிடலாம். இவ்வளவுதான் சொன்னேன். இந்தி தடுமாறியது.

காகா வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு மெதுவாக, "பாயி கைஸா ஹை?" தம்பி எப்படி இருக்கிறான். பால்கனியில் நான் கையசைத்துப் பேசுவதை இப்போதெல்லாம் காணோமே என்றார்.



வாக்கெடுப்பில் முதலில் உயர்ந்த கை அவருடையது.

ஜூலை 19, சனி

கொஞ்சம் வெயில். போர்வைகள் மாடியில். புது ஆட்கள் வந்து குழாயில் இரண்டாவது கம்பி இழுத்தார்கள். மதியம் பழைய நிறுவனத்திலிருந்து ஃபோன்: "மேடம், ஸ்பீட் டபுள் கர் தேங்கே." வேகத்தை இரட்டிப்பாக்குவார்களாம். இத்தனை நாள் எங்கே வைத்திருந்தார்களாம் அந்த ஸ்பீடை?

ஏழு மணி. புது இணைப்பில் நானே அழைத்தேன். அவன் சட்டையில் ஒரு பொத்தான் இல்லாததுகூடத் தெரிந்தது. ஜடையை இழுத்தான். அப்புறம் கை நின்றுவிட்டது. மறுபடியும் உறைந்ததா? இல்லை. கண் சிமிட்டுகிறான். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

மெதுவாகத் தன் காதோர முடியைத் தொட்டுக் காட்டினான். உனக்கு நரைத்துவிட்டதே அக்கா, எப்போதிலிருந்து?