வாசக்கால் கதையைச் சொல்லக் கூடாதாம்

2024 நவம்பர் 3, ஞாயிறு

இன்று வீடு பார்க்க வந்தபோது இருந்தவர்கள்: நான், தத்தமங்கலத்திலிருந்து வந்த என் மகள் செல்வப்பிரியா, புரோக்கர் ஜிஜோ, திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறவர், அவர் மனைவி, மனைவியின் அம்மா. பெங்களூரிலிருந்து போனில் என் மகன் பூபதிராஜா. அவனையும் சேர்த்து எழுதுவதா என்று தெரியவில்லை. ஆனால் அதிகம் பேசியது அவன்தான்.

திருப்பூர்க்காரர் மனைவிக்குக் கிணறு பிடித்தது. அடுக்களை பிடித்தது. பின்வாசலைத் திறந்து பார்த்துவிட்டு, "பாத்ரூமுக்கு இவ்வளவு தூரம் போகோணுங்களா?" என்றாள். நாற்பத்திரண்டு அடி. நான் அளந்திருக்கிறேன். போன ஆடி மழையில் அந்த நாற்பத்திரண்டு அடியில்தான் வழுக்கி விழுந்தேன். பால்காரன் வரும்வரை ஒரு மணி நேரம் சேற்றில் கிடந்தேன். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இந்த வீட்டை விற்பதென்று. யாரும் சொல்லிச் செய்த முடிவில்லை.

தத்தமங்கலத்தில் செல்வி வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு சின்ன வீடு. படியே கிடையாது. ரோட்டிலிருந்து அப்படியே உள்ளே நடக்கலாம். அந்த வீட்டின் சொந்தக்காரர் பிப்ரவரி முடியும்வரை எனக்காக வைத்திருப்பதாகச் சொன்னார். அதற்குள் இது விற்கவில்லை என்றால் பூபதி என்னை அவன் பிளாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவான். ஏழாவது மாடி. போன வருஷம் பதினொரு நாள் இருந்தேன். பதினொரு நாளும் மண்ணை மேலிருந்துதான் பார்த்தேன்.

விற்றுவிடும். இந்த வீட்டுக்கு என்ன குறை?

நவம்பர் 5

"யோசிச்சுச் சொல்றோம்" என்று திருப்பூரிலிருந்து போன். யோசிக்கிறவர்கள் சொல்ல மாட்டார்கள்.

நவம்பர் 24, ஞாயிறு

பாலக்காட்டிலிருந்து ஒரு டீச்சரும் சாரும். மலையாளத்துக்காரர்கள். சார் ஆறடிக்கு மேல். அடுக்களை வாசலில் நெற்றியை இடித்துக்கொண்டார். "குனிஞ்சு வாங்க" என்று மூன்று தரம் சொன்னேன். சொன்னதைக் கேட்காத ஆளுக்கு வீடு என்ன செய்யும்?

டீச்சர் கூடத்தில் மாட்டியிருந்த என் வீட்டுக்காரர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் முன்னால் சிவப்பு பல்பு எப்போதும் எரியும். அவள் பயந்த மாதிரி இருந்தது. மனுசர் உயிரோடு இருந்தபோதே யாரும் பயந்ததில்லை.

போகும்போது வழக்கம்போல வாசலில் நிறுத்தி வீட்டின் கதையைச் சொன்னேன். இந்த வீட்டுக்கு இதைவிட என்ன பெருமை வேண்டும்? 1980, தை இருபத்திநாலு, வியாழக்கிழமை, நாங்கள் குடி போன நாள். நாற்பது பேர் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது, எங்கள் பங்காளி குப்பண்ணன் வாசக்காலைத் தட்டிக் காட்டி, "இது எங்க களத்துல கெடந்த தேக்கு. ராவோட ராவா தூக்கிட்டு வந்து நட்டுட்டாங்க" என்றார். என் வீட்டுக்காரர் நேராக வாசலுக்கு வந்தார். வாசப்படியில் கற்பூரம் ஏற்றி, எரியும்போதே உள்ளங்கையால் அமுக்கி அணைத்து, "நான் எடுக்கலை" என்று சத்தியம் செய்தார். மூன்று மாதம் கழித்து, களத்திலிருந்து அந்தத் தேக்கை எடுத்து வேறு எங்கோ விற்றது குப்பண்ணனின் சொந்த மச்சான்தான் என்று வெளியே வந்தது. குப்பண்ணன் வந்து மன்னிப்பு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறகு குடும்பத்தோடு கொழிஞ்சாம்பாறைக்குப் போய்விட்டார். சத்தியத்தின் மேல் நிற்கிற வீடு இது. நல்லேப்பிள்ளியில் வேறு எந்த வீட்டை அப்படிச் சொல்ல முடியும்?

ஜிஜோ மலையாளத்தில் சொன்னான். சார் ஒன்றே ஒன்று கேட்டார்: "இப்போ கேஸ் வல்லதும் உண்டோ?" ஏதாவது கேஸ் நடக்கிறதா என்று.

நவம்பர் 27

படத்தை என் படுக்கை அறைக்கு மாற்றிவிட்டேன். அவரிடம் சொல்லிவிட்டுத்தான். கொத்தனாரை வரச் சொல்லி, நெல் மூட்டை போடுகிற அறையில் பாதியைத் தடுத்து பாத்ரூம் கட்டச் சொன்னேன். பூபதி போனில், "விக்கப்போற ஊட்டுக்கு எதுக்குங்கம்மா?" என்றான். விழுந்தது நான்.

டிசம்பர் 15, ஞாயிறு

இன்று முடிந்துவிட்ட மாதிரிதான் இருந்தது. உடுமலையிலிருந்து அண்ணன் தம்பி இரண்டு பேர், பெண்டாட்டிகள், ஒரு பெரியவர். புது பாத்ரூமைப் பார்த்து மூத்தவள் முகம் மலர்ந்துவிட்டது. குழாயை மூன்று தடவை திறந்து மூடினாள். பின்னால் இருந்த பழைய மாட்டுக்கொட்டாயையும் பிரித்துவிட்டதால் நாற்றமும் இல்லை. விலைகூடப் பேசியாகிவிட்டது. நான் காப்பி கொடுத்து, வாசலுக்கு அழைத்து வந்து, கதையைச் சொன்னேன்.

பெரியவர் வாசப்படியில் ஒரு காலை வைத்திருந்தார். அதை எடுத்துவிட்டார்.

டிசம்பர் 16

ஜிஜோ வந்தான். செல்வியும் இருந்தாள். ரெண்டு பேரும் முன்னாடியே பேசி வைத்துக்கொண்டு வந்த முகம்.

"அம்மே, ஞான் சொன்னா கோபிக்கக் கூடாது. பாத்ரூம் ஒண்ணும் பிரச்னம் இல்லா. வாசல்ல நின்னு நீங்க சொல்ற கதை உண்டல்லோ... அதாணு பிரச்னம்."

"கதையா? ஆருக்கு கதை?" என்றேன்.

செல்வி சொன்னாள்: "உங்களுக்குப் பெருமைங்க. வர்றவங்களுக்குப் பயம்ங்க. கற்பூரம் அணைச்ச வாசப்படின்னா ஆரு அதைத் தாண்டி உள்ள போவாங்க? பொய்ச் சத்தியமா இருந்தா குடி வர்றவங்க தலையில விடியும்னு நெனைக்கறாங்க."

பொய்ச் சத்தியமா? என் புருசன் பொய்ச் சத்தியம் பண்ணுனாரா? அந்த உள்ளங்கை ஒரு மாசம் கொப்புளமாக் கெடந்துச்சே, சோறு நாந்தானே ஊட்டி விட்டேன். இவளுக்கு அப்ப என்ன, பொறக்கவே இல்லை.

"ஊட்டை விக்கோணும்ங்களா, வேண்டாம்ங்களா?" என்றாள்.

விற்க வேண்டும்.

"அப்ப வாசல்ல வாயைத் தொறக்காதீங்க."

சரி என்றேன். நாற்பத்திநாலு வருஷத்தில் முதல் தடவை.

டிசம்பர் 29

ஒருத்தர் வந்து போனார். நான் பேசவில்லை. அவருக்குக் கார் திரும்ப இடம் போதவில்லையாம். அது வேறு.

2025 ஜனவரி 14, தைப்பொங்கல்

பூபதி வந்திருந்தான். பொங்கல் சாப்பிட்டுக்கொண்டே, "லிப்ட் இருக்குதுங்கம்மா. ஏழாவது மாடின்னு ஏன் பயப்படறீங்க?" என்றான். நான் பயப்படுகிறேன் என்று இவனுக்கு யார் சொன்னது? எனக்காக ஒரு கட்டில் வாங்கிப் போட்டிருக்கிறானாம். போட்டோ காட்டினான். நல்ல கட்டில். அதில் படுக்கப்போவது நானில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

இதை எழுதுவதே கோபத்தில்தான்.

ஜிஜோ காலையில் போனில், "கொழிஞ்சாம்பாறை பார்ட்டி, நம்ம ஆள்க்காராணு" என்று மட்டும் சொன்னான். காரிலிருந்து ஒரு பையன் இறங்கினான். முப்பது வயதிருக்கும். சந்துரு என்றான், சித்தூரில் பேங்கில் வேலை, பெண்டாட்டி மாசமாக இருக்கிறாளாம். பிறகு பின்கதவைத் திறந்து கைகொடுத்து ஒரு கிழவரை இறக்கினான்.

குப்பண்ணன்.

பையனுக்கு அப்பாரு, அப்பாவைப் பெற்றவர். எண்பத்தாறு வயது. முதுகு வளையவில்லை. செல்வி என் முழங்கையைப் பிடித்தாள். பிடித்த பிடி இன்னும் வலிக்கிறது.

"ஏனுங்க அம்மிணி, சவுக்கியம்ங்களா?" என்று சிரித்தபடி உள்ளே வந்தார். ஒன்றுவிடாமல் ஞாபகம் வைத்திருக்கிறார் மனுசர். "இது மேஸ்திரி வேலுக்குட்டி கட்டுனதுங்கல்லோ. செவுரு ஒண்ணரை அடி" என்றார். கிணறு வெட்டும்போது எத்தனை அடியில் பாறை வந்தது என்று சந்துருவுக்குச் சொன்னார். சரியாகச் சொன்னார். "குடி போன அன்னைக்குக் கச்சாயம் போட்டீங்க. நான் நாலு தின்னேன்" என்றார். ஆறு தின்றார்.

பிறகு வாசலுக்கு வந்தார். வாசக்காலைத் தட்டிப் பார்த்தார். அதே கை. "நல்ல தேக்குங்க. எங்கிருந்து புடிச்சீங்க?"

கச்சாயம் ஞாபகம் இருக்கிறது. கற்பூரம் இல்லை. நடிப்பா என்று முகத்தைப் பார்த்தேன். எனக்குப் பொய் முகம் தெரியும். அது பொய் முகம் இல்லை. நாற்பத்தைந்து வருஷமாக நான் தினமும் அடுப்பில் வைத்துக் காய்ச்சிக்கொண்டிருந்ததை, அந்த ஆள் அன்று மாலையே கைகழுவிவிட்டுப் போயிருக்கிறார்.

செல்வி என்னைப் பார்த்தாள். வாயைத் திறக்கக் கூடாது.

"நெம்மாறையிலீங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

ஜனவரி 20

சந்துரு விலைக்கு ஒத்துக்கொண்டான் என்று ஜிஜோ காலையிலேயே போன் செய்தான். செல்வி சந்தோஷத்தில் அழுதேவிட்டாள். "பேசாம இருந்தீங்க பாருங்க, அதுக்குத்தான்" என்றாள்.

பேசாமல் இருந்து விற்பதா? அதுவும் குப்பண்ணன் குடும்பத்துக்கு? சந்துருவை வரச் சொன்னேன். செல்விக்குச் சொல்லவில்லை.

பேங்குக்குப் போகிற வழியில் வந்தான். வாசலில் நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன், பந்தியில் யார் யார் எந்த வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள் என்பது வரை. போனால் போகட்டும் என்றுதான் சொன்னேன். ஏழாவது மாடி கண்முன்னால் வந்தது. இருந்தும் சொன்னேன்.

அவன் பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டான். "எங்கப்பாரு அப்படித்தானுங்க ஆத்தா. எங்க ஊட்டுல ஆளுக்கு ஒரு கதை வெச்சிருக்கோம். எங்கம்மா மூணு வெச்சிருக்குது."

"உனக்குப் பயமில்லையா? கற்பூரம் அணைச்ச படி."

"உங்க ஊட்டுக்காரரு சொன்னது மெய்தானுங்களே?"

"மெய்."

"அப்பறம் நான் எதுக்குப் பயப்படோணும்? பயப்பட வேண்டியவரு எங்கப்பாரு. அவரு நேத்து இங்கிருந்து போயி ரெண்டு தட்டு சோறு தின்னுட்டுத் தூங்கிட்டாரு."

பையன் நல்லவன். பல்வரிசை மட்டும் தாத்தாவுடையது. அதற்கு அவன் என்ன செய்வான். தாத்தாவிடம் இதைச் சொல்லாதே என்றேன். சரிங்க என்றான்.

பிப்ரவரி 9

சாமான் கட்டுகிறேன். அவர் படத்தைக் கடைசியில் எடுப்பேன்.

பிப்ரவரி 20, வியாழன்

இன்று வீட்டைச் சந்துரு பேருக்கு ஆதாரம் பதிந்து கொடுத்தாயிற்று. ஏழு இடத்தில் கையெழுத்து. பெயரை முழுசாக, நடுங்காமல் போட்டேன். பூபதி லீவு கிடைக்கவில்லை என்று வரவில்லை. கட்டிலை யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னேன்.

ரிஜிஸ்தர் ஆபீஸ் பெஞ்சில் காத்திருந்தபோது குப்பண்ணன் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். சந்துரு வாயைக் கட்டவில்லை போலிருக்கிறது.

"அம்மிணி, உங்களுக்கும் எனக்கும் என்னமோ மனஸ்தாபம்ங்களாமா? பையன் அரைகுறையாச் சொன்னான். என்னன்னு கேட்டா உங்களையே கேக்கச் சொல்றான். எனக்குத் தெரிஞ்சு ஒண்ணுமில்லீங்க. என்னன்னு சொல்லுங்க. தப்பா இருந்தா கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன்."

நாற்பத்தைந்து வருஷம் இந்தக் கேள்விக்குத்தான் பதிலை வார்த்தை வார்த்தையாகத் தயாராக வைத்திருந்தேன். நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அப்போதுதான் யோசித்தேன். சொன்னால் என்ன ஆகும்? அந்த ஆள் இங்கேயே, இந்த பெஞ்சிலேயே, கையைக் கூப்பிவிடுவார். நாலு பேர் பார்ப்பார்கள். ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். பிறகு அவர் ஓட்டலுக்குப் போய்ச் சாப்பிடுவார். என் வீட்டுக்காரர் கை ஒரு மாசம் வெந்தது.

"ஒண்ணுமில்லீங்க. பேர் கூப்படறாங்க, எந்திரிங்க" என்றேன்.

இதைத் தத்தமங்கலத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். கதவைத் திறந்தால் ரோடு. செல்வி இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டுப் போனாள். பாத்ரூம் பதினொரு எட்டுத் தூரம். திருப்பூர்க்காரியை விட்டுவிட்டேன். காலை எடுத்த பெரியவரை விட்டுவிட்டேன். லிப்ட் லிப்ட் என்ற என் மகனையும் விட்டுவிட்டேன்.

குப்பண்ணனை மன்னிக்க மாட்டேன்.