சத்தம் பழகிவிட்டது என்றான்

9 ஜூலை 1991, செவ்வாய். அம்பத்தூர்.

இன்று சாயங்காலம் வீட்டில் இருந்தவர்கள் நான், என் வீட்டுக்காரர், மருமகள் சரோஜா, பேரன் குமார், அவனுக்கு வேலை வாங்கிக்கொடுத்த, என் வீட்டுக்காரரின் பழைய போர்மேன் ஏகாம்பரம்.

குமார் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ்ஸில் இப்போதுதான் சேர்ந்தான். "மொதல்ல தல வலிச்சிது ஆயா. இப்ப சத்தம் பழகிடுச்சி" என்றான். என் வீட்டுக்காரரும் அந்த பிரஸ்ஸில் சேர்ந்த புதிதில் இதையேதான் சொன்னார். பழகவில்லை, காது போய்க்கொண்டிருந்தது. இப்போது தோளைத் தொட்டால்தான் திரும்புகிறார்.

"காதுல வச்சிக்க ஒண்ணும் குடுக்கலியா?" என்று கேட்டேன்.

குமார் பையிலிருந்து இரண்டு ரப்பர் அடைப்பான்களை எடுத்துக் காட்டினான். "வச்சிகினா பசங்க சிரிக்கிறானுங்க."

அதைப் பார்த்து ஏகாம்பரமும் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. என் வீட்டுக்காரர் வேலைக்குப் போன காலத்தில், நான் வைத்தனுப்பிய பஞ்சை இவர் காதிலிருந்து பிடுங்கி, "இன்னாய்யா, பொண்டாட்டி சீவி சிங்காரிச்சி அனுப்பினாளா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டவன். அதோடு இவர் பஞ்சு வைப்பதை விட்டுவிட்டார்.

இத்தனை வருஷம் அடக்கியதை இன்று கேட்டுவிட்டேன். "உன்னாலதான்யா இவரு காது போச்சு."

"இன்னாம்மா சொல்றே?" என்று கையைக் காதில் குவித்துக்கொண்டு கிட்ட வந்தான். மறுபடி சொன்னேன். அப்போதும் அவன் காதில் விழவில்லை.

குமார் இரண்டு கிழவர்களையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு எழுந்துபோய், நாளை போடும் சட்டைப்பையில் அடைப்பான்களை வைத்தான்.

பாவமாகத்தான் இருந்தது, காபி கொடுத்தேன். ஆனாலும் மன்னிக்க மாட்டேன், ஏகாம்பரத்தை.